வாரம் முதலில், கூண்டு பிறகு

"தவறு அறிக்கைல ஒட்வார் பேரை எடுத்துட்டு என் பேரை எழுதுங்க."

எல்ட்ரி இதைச் சொன்னபோது பண்ணை மேலாளரான பெண்மணி போர்கில்ட் வாஃபிளின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக்கொண்டிருந்தார். சீவுகிற கத்தி பாதியில் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த யூஸ்டெய்ன் மென்றுகொண்டிருந்ததை அவசரமாக விழுங்கினான். அவன் தரக் கட்டுப்பாட்டுக்காரன். அறிக்கை எழுதுவது அவன் வேலை.

"என்ன சொன்னே?" என்றார் போர்கில்ட்.

"காதுல விழுந்திருக்கும்."

இந்த ஒன்றை மட்டும் கேட்காதே என்று சொல்லாத ஆள் இல்லை. எல்ட்ரி இந்த மீன் பண்ணை அலுவலகத்தில் சேர்ந்தபோது தொழிற்சங்கத்து ஆள் சொன்னார்: சம்பளம் கேள், லீவு கேள், நாற்காலி சரியில்லை என்று கேள், பழியை மட்டும் கேட்டு வாங்காதே, தற்காலிகத்தில் இருக்கிறவளுக்கு அது கழுத்துக்குக் கயிறு. அம்மா லில்லியான் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். அவள் மீன் அறுக்கும் ஆலையில் நின்றே முட்டியைத் தேய்த்தவள். "யாரு செஞ்சதுன்னு மேல இருக்கறவங்க கேட்டா, கை தூக்காதடி. தூக்கின கையை அவங்க இறக்க விடமாட்டாங்க."

எல்ட்ரி தூக்கிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். படிப்பு அவளுக்குக் கொடுத்தது ஒரு பட்டமும் நிறையக் கோபமும். பட்டத்தை அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டாள். கோபம் கையிலேயே இருந்தது.

நடந்தது இதுதான்.

சால்மனுக்குப் பேன் பிடிக்கும். மாட்டில் உண்ணி ஒட்டுகிற மாதிரி மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு சதையைத் தின்னும். மலைகளுக்கிடையே கடல் புகுந்த ஃபியோர்டின் நடுவே மிதக்கும் பத்து வலைக்கூண்டுகளிலிருந்தும் கொஞ்சம் மீனைப் பிடித்து, மயக்கி, பேனை எண்ணி, வருஷத்தின் அந்தந்த வார எண்ணுக்கு எதிரே அட்டவணையில் ஏற்றுவார்கள். சராசரி எல்லையைத் தாண்டினால் அரசாங்கம் விடாது. பேன் நீக்கும் படகை அழைக்க வேண்டும். படகு வந்து மீனை உறிஞ்சியெடுத்து, வெதுவெதுப்பான நீரில் சில நொடி ஓட்டி, திரும்பக் கடலில் விடும். பேன் உதிர்ந்துவிடும். தெம்பான மீன் தாங்கும். நோயாளி மீன் தாங்காது. நாலாம் கூண்டு மீன்களுக்கு இதயத்தில் நோய். மருத்துவர் வந்து பார்த்து, வேறு வழியே இல்லாவிட்டால் தவிர இவற்றைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எல்ட்ரி படித்தது கடல் உயிரியல். கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. ஆனால் அந்த அட்டவணையைப் படித்து, சராசரி போட்டு, "சிகிச்சை தேவை" அல்லது "தேவையில்லை" என்று சொல்கிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை அவளே எழுதினாள். முதல் ஸ்கிரிப்ட். தத்தித் தத்தி எழுதியது. எந்தக் கூண்டு, எந்த வாரம் என்ற எண்களை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தாள். எனவே கூண்டு மாறும்போதெல்லாம், கூண்டுகளின் பக்கத்தில் நங்கூரமிட்டு நிற்கும் வேலை மிதவையிலிருந்து ஒட்வார் போன் செய்வார். அவர்தான் அங்கே கூண்டுகளுக்குப் பொறுப்பு. "பொண்ணே, ஏழாம் கூண்டுக்குப் பாரேன்." இவள் ஸ்கிரிப்டைத் திறந்து எண்ணை மாற்றி, ஓட்டி, பதில் சொல்வாள். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோதும் போன் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் பாடம் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எண்ணை உள்ளே எழுத வேண்டியதில்லை. கறுப்புத் திரையில் ஸ்கிரிப்டின் பெயரை அடித்து, பக்கத்திலேயே இடைவெளி விட்டு எண்களை அடித்தால் போதும். அவை வரிசையாக உள்ளே போய் நிற்கும். முதலில் நிற்பது கூண்டு, அடுத்து நிற்பது வாரம் என்று இவள் எழுதிவிட்டால், ஸ்கிரிப்டை யாரும் திறக்கவே வேண்டாம். அன்று சமையலறையில் தனியாக நின்றுகொண்டு சிரித்தாள். ஸ்கிரிப்டுக்குக் காது முளைத்த மாதிரி இருந்தது. இனி யார் கூப்பிட்டாலும் கேட்கும்.

கூண்டு ஏன் முதலில்? அட்டவணையில் இடது ஓரத்தில் கூண்டு இருந்தது. அவ்வளவுதான். யாரையும் கேட்கவில்லை.

ஒட்வாருக்கு மிதவையிலேயே சொல்லிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு விரலால், தீப்பெட்டி அடுக்குகிற கவனத்தோடு அடித்தார். இலையுதிர் காலம் முழுக்க ஓடியது. ஒவ்வொரு முறையும் அவர் வாரத்தை முதலில் அடிப்பார். நாற்பத்தைந்து, நாலு. உடனே சிவப்பு எழுத்து வரும்: கூண்டு 45 இல்லை. "ஆமாமா, திட்டாதே" என்று திரையிடம் சொல்லிவிட்டுத் திருப்பி அடிப்பார். பத்துக் கூண்டுதான் இருக்கிறது. நாற்பத்தைந்துக்கு எங்கே போவது?

வருஷம் பிறந்தது. வாரங்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தன. புயலும் குளிருமாய்ப் போன முதல் வாரங்களில் ஸ்கிரிப்டை யாரும் கூப்பிடவில்லை. ஒன்பதாம் கூண்டில் மட்டும் நாலாம் வாரம் பேன் ஏறியது. அதற்கு ஸ்கிரிப்ட் எதற்கு, கண்ணாலேயே தெரிந்தது. மருந்து போட்டு இறக்கிவிட்டார்கள். பிறகு ஒன்பதாம் வாரம் வந்தது. இரண்டு வார ஓய்வு முடிந்து ஒட்வார் மிதவைக்கு ஏறினார். முந்தைய அணி எண்ணி வைத்துவிட்டுப் போன கணக்கு அட்டவணையில் இருந்தது. நாலாம் கூண்டு எப்படி இருக்கிறது என்று ஸ்கிரிப்டைக் கேட்டார். வழக்கம்போல வாரம் முதலில், கூண்டு பிறகு. ஒன்பது, நாலு.

சிவப்பு எழுத்து வரவில்லை. ஒன்பது என்று ஒரு கூண்டு இருக்கிறதே. ஸ்கிரிப்ட் நல்ல பிள்ளையாக ஒன்பதாம் கூண்டின் நாலாம் வாரக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "சிகிச்சை தேவை" என்றது. எந்தக் கூண்டுக்கு என்று சொல்லவில்லை. சொல்லும்படி எல்ட்ரி எழுதவில்லை.

திட்டு விழாததில் ஒட்வாருக்கு மகிழ்ச்சிகூட. ஒருவழியாகக் கற்றுக்கொண்டோம் என்று நினைத்தாராம். போர்கில்டுக்குப் போன் செய்தார். "ஸ்கிரிப்ட் என்ன சொல்லுது?" "போடணும்னு சொல்லுது." "எல்லை தாண்டிடுச்சுன்னா வேற வழியில்ல. படகைக் கூப்பிடு."

படகு வந்தது. நாலாம் கூண்டின் மீன்கள் வெந்நீர் ஓடி வெளியே விழுந்தபோதே பாதி, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அள்ளி, செத்த மீனைக் கரைக்கும் அமிலத் தொட்டிக்கு அனுப்பியும் தீரவில்லை. அந்த நாற்றம் கரையில் அலுவலகம் வரைக்கும் வந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். யூஸ்டெய்ன் எழுதிய அறிக்கையில் பழிக்கு ஒரே இடம்தான் இருந்தது: பணியாளர், எண்களைத் தவறான வரிசையில் உள்ளிட்டார். முன்பு ஒருமுறை வலை கிழிந்து மீன் தப்பியதற்கும் ஒட்வார் பேரில் ஓர் அறிக்கை உண்டு. இரண்டாவது வந்தால் மிதவையில் வைத்திருக்கமாட்டார்கள். கரையில் வலை கழுவும் கொட்டகைக்கு அனுப்புவார்கள். முப்பது வருஷமாகக் கடலில் இருந்த மனுஷன், கூரைக்குக் கீழே தண்ணீர்க்குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அறிக்கை இன்று மாலை தலைமையகத்துக்குப் போகிறது.

"உக்காரு எல்ட்ரி," என்றார் போர்கில்ட். "வாஃபிள் எடுத்துக்கோ."

"பசிக்கல."

"வெள்ளிக்கிழமை வாஃபிளுக்குப் பசி எதுக்கு," என்றான் யூஸ்டெய்ன். சிரிக்க வைக்கப் பார்த்தான். நடக்கவில்லை. "சரி, சொல்லு. உன் பேரை எதுக்கு எழுதணும்? அமுக்கினது நீயா?"

"வரிசையை வெச்சது நான்."

"வரிசைன்னு ஒண்ணு இருந்தே ஆகணும். நீ சொல்லிக் கொடுத்தே, அவர் மாத்தி அடிச்சார். அறிக்கைல ஒரு பொய் இருந்தா காட்டு, இப்பவே அழிக்கறேன்."

பொய் இல்லைதான். அதுதான் அவளுக்கு எரிந்தது. ஒவ்வொரு வரியும் உண்மை, மொத்தமும் அநியாயம்.

"உனக்குக் கல்யாணம் எப்போ?" என்றாள்.

"என்னது?"

"கல்யாணம். எப்போன்னு கேட்டேன்."

"வாரம் இருபத்தெட்டு, சனிக்கிழமை. ஏன், வரமாட்டியா?"

"உன் பையனுக்குக் குளிர்கால லீவு எப்போ விட்டாங்க?"

"வாரம் எட்டு." சொல்லி முடிக்கும்போதே அவன் முகம் மாறியது.

"போர்கில்ட், அடுத்த தீவன லோடு எப்போ, எங்க?"

போர்கில்ட் திரும்பினார். அவருக்குப் பின்னால் சுவரில் அவரே எழுதிய வெள்ளைப்பலகை இருந்தது. வாரம் 12, கூண்டு 3. வாரம் 12, கூண்டு 8. வாரம் 13, கூண்டு 1. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இந்த நாட்டுல பொறக்கறது, சாகறது, பல்லு பிடுங்கறது எல்லாமே வாரத்துல ஆரம்பிக்குது," என்றாள் எல்ட்ரி. "ஒருத்தர் வாயிலயும் கூண்டு முதல்ல வராது. நான் மட்டும் மாத்தி வெச்சேன். வெச்சுட்டு, அவர் தப்பா அடிக்கறார்னு அறிக்கை. அவர் சரியாத்தான் அடிச்சார். நான்தான் தப்பாக் கேட்டேன்."

யூஸ்டெய்ன் நாற்காலியில் சாய்ந்தான். அவனும் கெட்டவன் இல்லை. மேலே கேட்பதற்குள் கீழே பதில் தயாராக இருக்க வேண்டும் என்று பயந்து பயந்து வாழ்கிறவன். "நீ சொல்றது புரியுது. அதுக்குத்தான் வழி வெச்சிருக்கேன். நம்ம கம்பெனியோட எல்லா மிதவைக்கும் அரை நாள் பயிற்சி. கம்ப்யூட்டர் பக்கத்துல பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒட்டறோம். பெரிய எழுத்துல: முதலில் கூண்டு, பிறகு வாரம். படம்கூடப் போட்டிருக்கேன்."

தாளை எடுத்து மேசையில் வைத்தான். கூண்டு படம், பக்கத்தில் நாட்காட்டி படம், நடுவே அம்புக்குறி. மழலைப் பள்ளியில் செருப்பு வைக்கும் இடத்தில் ஒட்டுகிற மாதிரி.

எல்ட்ரி அந்தத் தாளைப் பார்த்தாள். அம்மாவின் ஆலையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே இப்படித்தான் ஒரு படம் ஒட்டியிருக்கும். முதலில் சோப்பு, பிறகு தண்ணீர். ஆயுசு முழுக்கக் கை கழுவியவர்களுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுக்கும் படம்.

"நான் ஸ்கிரிப்டுல நாலு வரி மாத்தறதுக்குப் பதிலா நாப்பது ஆம்பளைங்க மூளையை மாத்தப் போறீங்களா?"

"ஸ்கிரிப்டைத் தொட முடியாது," என்றான் யூஸ்டெய்ன். "காப்பீட்டுக்காரங்க வர்ற வரைக்கும் தொடாதே. கை தப்பா, கருவி தப்பான்னுதான் முதல் கேள்வியே கேப்பாங்க. கை தப்புன்னா சீக்கிரம் முடிஞ்சிடும். கருவி தப்புன்னா, யாரு செஞ்சா, யாரு சரிபார்த்தா, யாரு அனுமதிச்சான்னு இழுக்கும்."

"யாரு அனுமதிச்சா?"

யூஸ்டெய்ன் போர்கில்டைப் பார்த்தான். அனுமதித்தது போர்கில்ட். சரிபார்த்தது ஒருவரும் இல்லை.

"எனக்கு வர்றது வரட்டும்," என்றார் போர்கில்ட் கடைசியில். குரல் தணிந்திருந்தது. "நான் என்னைக் காப்பாத்திக்கறேன்னு நினைக்கறியா? அதுவும் உண்டு, இல்லேங்கல. படகைக் கூப்பிடச் சொன்னது நான். அட்டவணையைத் திறந்து ஒரு தடவை பாத்திருக்கலாம். பாக்கல. ராத்திரி அதைத்தான் நினைச்சுட்டுப் படுத்திருக்கேன். ஆனா உன்னை முதல்ல காப்பாத்தணும்."

"யாரு கேட்டா?"

"உன் தற்காலிகம் இந்த மாசம் முடியுது. நிரந்தரம் போட்டுக் கொடுக்கற தாள் என் மேசைல இருக்கு. இந்த அறிக்கைல உன் பேரு வந்துச்சுன்னா அதுல தலைமையகம் கையெழுத்துப் போடாது. புது ஆளு, முதல் வருஷம், ஒரு கூண்டு மீன் போச்சு. அவங்களுக்கு உன் முகமே தெரியாது, எல்ட்ரி. ஒரு வரியாத்தான் தெரிவே."

"ஒட்வாரையும் ஒரு வரியாத்தானே எழுதியிருக்கீங்க."

போர்கில்ட் வாஃபிள் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் பள்ளிக்கூடம் முடிச்சுட்டு ரெண்டு கோடை அந்த ஆலைல நின்னேன். உன் அம்மா பக்கத்துல. கத்தி பிடிக்கவே தெரியாது எனக்கு. என் மீனையும் அவளே அறுத்து என் பெட்டில போடுவா, மேஸ்திரி பாக்காதப்போ. கோடை முடிஞ்சதும் நான் படிக்கப் போனேன், எங்க அப்பாவுக்கு வசதி இருந்தது. அவ அங்கேயே நின்னா. இப்போ அவ பொண்ணு இந்த மேசைக்கு வந்திருக்கா. என் கையாலேயே அதைக் கிழிக்கச் சொல்றியா?"

எல்ட்ரிக்கு இது தெரியாது. அம்மா சொன்னதே இல்லை.  வாயைத் திறந்ததும் கோபமாகவே வெளியே வந்தது.

"அம்மா உங்க மீனை அறுத்தது, உங்க கூலி குறையக் கூடாதுன்னு. வேற ஒருத்தி பெட்டிலேர்ந்து எடுத்துப் போடல."

யூஸ்டெய்ன் ஜன்னலைப் பார்த்தான்.

"அவரைக் கூப்பிடறேன்," என்று எல்ட்ரி போனை எடுத்து மேசை நடுவே வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. நாலைந்து மணி அடித்ததும் ஒட்வார் எடுத்தார். பின்னால் காற்றும், குழாய்க்குள் தீவனம் கடகடவென்று ஓடும் சத்தமும்.

"சொல்லு பொண்ணே."

"ஒட்வார், ஸ்பீக்கர்ல இருக்கீங்க. போர்கில்ட், யூஸ்டெய்ன் ரெண்டு பேரும் இருக்காங்க."

"அடேயப்பா. அப்போ நல்ல வார்த்தையாப் பேசறேன்."

"அறிக்கைல கையெழுத்துப் போட்டீங்களா?"

"காலைலயே போட்டாச்சு."

"ஏன் போட்டீங்க?"

"என் விரல்தானே அமுக்குச்சு. உன் விரலா?"

"வரிசை தப்பு. நான் வெச்ச வரிசை தப்பு. உங்களைக் கேக்காம வெச்சேன். சிவப்பு எழுத்து வர்றப்போ நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"என்னன்னு சொல்றது? தினமும் தப்பா அடிக்கறேன்னா? படிச்ச பொண்ணுகிட்ட போய் அதைச் சொல்வாங்களா?" சிரித்தார். சிரிப்பு காற்றில் போய்விட்டது. "முன்னல்லாம் அட்டவணையைத் திறந்து வரி வரியாப் பாப்பேன். நீ செஞ்சு கொடுத்தப்புறம் பாக்கறதில்ல. நீ செஞ்சது, சரியாத்தான் இருக்கும்."

எல்ட்ரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

"உங்களை வலை கழுவற கொட்டகைக்கு அனுப்பப் போறாங்க. தெரியுமா?"

"தெரியும். முட்டிக்கு நல்லது. படி ஏற வேண்டாம்."

"பொய் சொல்லாதீங்க."



"இதோ பாரு," என்றார் ஒட்வார். "நான் போனா ஒரு கிழவன் போறான். ரெண்டு நாள் பேசுவாங்க. நீ போனா நம்ம ஆளு ஒண்ணு ஆபீசுக்குள்ள போச்சு, அதுவும் திரும்பி வந்துடுச்சும்பாங்க. லில்லியான் முகத்தை நான் எப்படிப் பாக்கறது? நான் போட்டா உன் பேரு வெளிய வராதுன்னு போர்கில்ட் சொன்னா. போட்டேன். அதோட விடு."

எல்ட்ரி தலை நிமிர்ந்து போர்கில்டைப் பார்த்தாள். போர்கில்ட் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்காகத்தான் போட்டீங்க."

"யாருக்காகன்னு என்ன கணக்கு. போட்டேன். இங்க தீவனம் அடைச்சுக்குது, நான் போறேன். மதியம் ஒழுங்காச் சாப்பிடு."

போன் அணைந்தது.

இப்படித்தான் எப்போதும் என்று எல்ட்ரிக்குத் தோன்றியது. அவள் பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்த நாளிலிருந்து இப்படித்தான். இவள் படிக்க வேண்டுமென்று அம்மா கூடுதல் ஷிஃப்டு பார்த்தாள். இவளுக்குத் தனியறை வேண்டுமென்று தம்பி கூடத்துச் சோபாவில் படுத்து வளர்ந்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லிக் காட்டவில்லை. ஆளுக்கு ஒரு தோளைக் கொடுத்து இவளை மேலே ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஏறிவந்தவள் கீழே குனிந்து பார்க்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. பார்த்தால், மிதிபடுகிறவனின் முகம் தெரிந்துவிடும். இப்போது தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தது.

"நல்ல மனுஷன்," என்றான் யூஸ்டெய்ன் மெதுவாக.

"ஆமா. நல்ல மனுஷனா இருந்தா தள்றதும் சுலபம்." அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "ஒண்ணு சொல்லிடறேன். ஸ்கிரிப்டை மாத்திட்டேன்."

யூஸ்டெய்ன் நிமிர்ந்தான். "எப்போ?"

"காலைல."

"தொடக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்."

"நீ இப்பத்தான் சொன்னே. நான் காலைலயே மாத்திட்டேன். பயப்படாதே, பழசை அழிக்கல. தேதியோட அப்படியே இருக்கு, காப்பீட்டுக்காரங்க வந்து ஆசை தீரப் பாக்கட்டும். புதுசுல வெறும் நம்பர் கொடுத்தா வாங்காது. வாரம்னு எழுதி நம்பர் கொடுக்கணும், கூண்டுன்னு எழுதி நம்பர் கொடுக்கணும். எது முன்னாடி வந்தாலும் ஒண்ணுதான். பதில் சொல்றதுக்கு முன்னாடி, நாலாம் கூண்டு, ஒன்பதாம் வாரம், சரியான்னு திருப்பிக் கேக்கும். திங்கக்கிழமை ஆறாம் கூண்டுக்கு முடிவு எடுக்கணும். அதுக்குள்ள எல்லா மிதவைலயும் போயிருக்கணும், போயிடுச்சு."

"உனக்கு யாரு அனுமதி..." என்று ஆரம்பித்த யூஸ்டெய்ன் நிறுத்திக்கொண்டான். போன தடவை யார் அனுமதி கொடுத்தார்கள் என்ற பேச்சு மறுபடி வரும் என்று அவனுக்குத் தெரிந்தது. தன் முன்னால் கிடந்த அம்புக்குறித் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தான்.

"நல்லது பண்ணினே," என்றார் போர்கில்ட். நிஜமாகத்தான் சொன்னார். "அதை நான் பாத்துக்கறேன். நான் செய்யச் சொன்னேன்னு எழுதிக்கறேன். ஆனா அந்தப் பேரை மாத்தச் சொல்லாதே. மாத்தமாட்டேன், எல்ட்ரி. எனக்கு மனசு வரல."

"தெரியும். அதான் நானே எழுதிட்டேன்."

தவறு அறிக்கையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். படகுத்துறையைக் கூட்டிப் பெருக்குகிறவர்கூட எழுதலாம். அதற்குத்தான் அந்த ஏற்பாடே. எழுதுவது எல்லோரும் அடுத்தவரைப் பற்றித்தான். காலையில் ஸ்கிரிப்டை மாற்றி முடித்த கையோடு அவள் தன்னைப் பற்றி ஒன்று எழுதி வைத்திருந்தாள். மிதவையில் இருப்பவர்களைக் கேட்காமல் வரிசை வைத்தேன். எந்தக் கூண்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று திருப்பிச் சொல்லும்படி எழுதவில்லை. ஒட்வார் இந்த ஊரில் எல்லோரும் சொல்கிறபடியே சொன்னார். அவ்வளவுதான் இருந்தது அதில். போர்கில்டின் பெயர் இல்லை. அதைப் போடுவதும் போடாததும் போர்கில்டின் பாடு.

"உங்ககிட்ட கேட்டுட்டு அனுப்பலாம்னுதான் வெச்சிருந்தேன்," என்றாள் எல்ட்ரி. "நீங்களே எழுதினா ஒரு அறிக்கையா இருக்கும். இப்போ ரெண்டா இருக்கும். தலைமையகம் ரெண்டையும் படிக்கட்டும்."

"படிச்சுட்டு உன்னையும் அனுப்பிட்டு, அவரையும் கொட்டகைக்கு அனுப்பினாங்கன்னா?" என்றான் யூஸ்டெய்ன். கிண்டலாக இல்லை, கவலையாகவே கேட்டான்.

அதை அவள் யோசிக்காமல் இல்லை. அப்படியும் நடக்கலாம். "அப்போ ரெண்டு பேரு போவோம். அவர் தனியாப் போகமாட்டார்."

"திங்கக்கிழமை வரைக்கும் யோசி," என்றார் போர்கில்ட். அவரும் எழுந்துவிட்டார். கை மேசைமேல் இருந்தது. பிடித்து நிறுத்த நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. "ரெண்டு நாள். உனக்காக நான் இன்னிக்கு எதையும் மேல அனுப்பாம வெச்சிருக்கேன். அம்மாகிட்ட பேசு."

"பேசினா என்ன சொல்வான்னு தெரியும். கையை இறக்குடின்னு சொல்வா."

"சொன்னாத் தப்பில்ல."

"தப்பில்லதான்," என்றாள் எல்ட்ரி. இப்போது குரலில் சூடு இல்லை. "அவ சொல்றதை அவ சொல்லட்டும்."

கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டினாள். ஒரு கை உள்பக்கம் புரண்டிருந்தது. அதை நேராக்கிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மற்ற இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. இன்னொரு நல்ல வார்த்தை வந்தால் தாங்கமாட்டாள். வரவில்லை.

"நிரந்தரத் தாளைக் கிழிக்க வேண்டாம், போர்கில்ட். பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கும். எதுக்காவது ஆகும்."

கதவைத் திறந்து, படிக்கட்டில் இறங்கினாள். பாதிப் படியிலேயே போனை எடுத்து, காலையில் எழுதி வைத்ததைத் திறந்து, மறுபடி படித்துப் பார்க்காமல் அனுப்பினாள். வாசலில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. தலையை மூடிக்கொண்டு, மிதவைக்குப் போகிற படகைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.